விபத்துப் படிவத்தின் இரண்டாம் பக்கம்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ரேவதி. பர்சனல் டிபார்ட்மெண்டில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். நான் வேலையை விட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் கழித்து எதற்குத் தேடுகிறார்கள் என்று யோசித்தேன்.

"மேடம், ஆக்சிடென்ட் ரிப்போர்ட் ஃபார்ம் நீங்கதான் பண்ணினீங்களாமே? அதோட பாஸ்வேர்டு வேணும்."

"அதையா இன்னும் வெச்சிருக்கீங்க?"

"அதேதான் மேடம். உடைச்சுத் திறந்துடலாம்னு எங்க சிஸ்டம் பசங்க சொல்றாங்க. ஆனா ஆடிட்ல யார் உடைச்சான்னு கேப்பாங்க. பாக்ஸுக்குள்ள கலர் போட முடியல, எழுத்தைப் பெரிசு பண்ண முடியல. போல்டும் அண்டர்லைனும் மட்டும்தான் வருது. ஏன் மேடம் அப்படி வெச்சீங்க?"

பாஸ்வேர்டைச் சொன்னேன். 2371. குறித்துக்கொண்டு, "என்ன மேடம், உங்க பழைய வண்டி நம்பரா?" என்று சிரித்தாள். என்னிடம் வண்டியே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் அப்படி வைத்தேன் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிற கம்பெனி. மேனாம்பேட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். டைப்ரைட்டர் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விரல் வலித்தது, கார்பன் புடவையில் ஒட்டியது, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பர்சனல் மேனேஜர் அறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்பு போட்டு, குளிர்சாதனம் வைத்து, உள்ளே உட்கார வைத்தார்கள். குளிர் கம்ப்யூட்டருக்காக, எனக்காக அல்ல.

மேனேஜர் மனோகரன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லாரையும் 'ம்மா' போட்டுத்தான் கூப்பிடுவார், சஸ்பெண்ட் செய்யும்போதும். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அதை மேஜை விளிம்போடு ஒட்டி நேராக வைப்பார். மேல் டிராயரைத் திறந்து ஓர் அடி மர ஸ்கேலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்ததும் ஒரு வரி கீழே இறக்குவார். இரண்டு பக்கமானாலும் இருபது பக்கமானாலும் அப்படித்தான். திருத்தமிருந்தால் பச்சை மையில் குறிப்பார். கம்பெனியில் பச்சை மை அவர் ஒருவருக்குத்தான். கடைசியில் தாளின் அடியில் சின்னக் கையெழுத்தும் தேதியும் போடுவார். ஸ்கேல் இறங்காத தாள் எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவருக்கு ஒரு பாடம் உண்டு, அதை என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பார்: "பாக்கறவன் கண்ணு முதல்ல எங்க போகணுங்கறதை நாமதான்ம்மா முடிவு பண்ணணும்." அதனால்தான் விபத்துப் படிவத்தில் எல்லாக் கையெழுத்துகளையும் முதல் பக்கத்தின் அடியில் வைக்கச் சொன்னார். விவரமெல்லாம் இரண்டாம் பக்கம்.

அப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகத் தரச் சான்றிதழ் வாங்கும் மும்முரம். படிவங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஏற்றிய ஒரே மாதத்தில் சூபர்வைசர்கள் அதைச் சின்னாபின்னமாக்கினார்கள். ஒருவர் தன் பெயரை மட்டும் இரண்டு மடங்கு பெரிசாக்கினார். ஒருவர் தலைப்புக்குப் பூப்போட்ட எழுத்து வைத்தார். இன்னொருவர் 'இயந்திரத்தைப் பற்றி முன்பு புகார் உண்டா' என்ற கேள்வியையே தூக்கிவிட்டார், பதில் சொல்லப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஆடிட் செய்ய வந்தவர் ஒரே படிவம் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போனார். மறுநாள் மனோகரன் சார் என்னைக் கூப்பிட்டு, "பூட்டிடும்மா" என்றார்.

பூட்டினேன். முதல் பக்கத்தில் தொழிலாளியின் பெயர், கம்பெனி அவருக்குக் கொடுத்த டோக்கன் நம்பர், ஷிப்ட், கையெழுத்து இடம். அதைப் பூட்டாத பகுதியாக விட்டேன், பெயர்கள் நீளமும் குட்டையுமாக வரும் என்பதால். இரண்டாம் பக்கம் முழுக்கப் பூட்டு. அதில் சாம்பல் நிறப் பெட்டிகளுக்குள் மட்டும் எழுதலாம், வேறெங்கும் கை வைக்க முடியாது. பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். அப்போது அது என் மூத்த பெண்ணின் பெயர்.

முதலில் சண்டைக்கு வந்தவர் காதர் பாய். பிரஸ் ஷாப் சூபர்வைசர், பூந்தமல்லிக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். தாளில் எழுதிய காலத்தில், முக்கியமான வார்த்தைக்குக் கீழே தாள் கிழிகிற மாதிரி கோடு போடுவார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சுக்கீறே? நெருப்பு புடிச்சிச்சுன்னு எழுதினாலும் அதே எழுத்து, டீ லேட்டா வந்திச்சுன்னு எழுதினாலும் அதே எழுத்து. அழுத்திச் சொல்ல ஒரு கோடு போட முடியல. அப்பறம் எவன் படிப்பான்?"

பெட்டிக்குள் எழுதலாம், ஆனால் தடிமனாக்கவோ கோடு போடவோ பூட்டு விடாது. அது அந்த மென்பொருளின் குணம். பாய் சொன்னது நியாயம் என்று எனக்குத் தோன்றியது. மனோகரன் சாரிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார்.

"போல்டும் அண்டர்லைனும் குடு. கலர் வேண்டாம்மா. சிவப்பு எழுத்துன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கண்ணு நேரா அங்கதான் போகும்."

பத்து நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். படிவத்தின் மேலே இரண்டு பொத்தான்கள் வைத்தேன். பெட்டிக்குள் வார்த்தையைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்கினால், பின்னால் நான் எழுதிவைத்த மேக்ரோ, அதாவது வரிசையான கட்டளைகள், ஓடும். பூட்டைத் திறக்கும், எழுத்தைத் தடிமனாக்கும், அல்லது கோடு போடும், மறுபடி பூட்டும். கண் இமைக்கிற நேரம்தான். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த மென்பொருளில் படிவத்தைத் திறந்து மறுபடி பூட்டினால், பெட்டிகளில் நிரப்பியதெல்லாம் போய், முதலில் வைத்திருந்த வாசகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதுப் படிவம் என்று அது நினைத்துக்கொள்கிறது. 'நிரப்பியதைத் தொடாதே' என்று மேக்ரோவில் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். சேர்த்தேன். பொத்தான் வழியாகப் போனால் ஆபத்தில்லை. மெனு வழியாகக் கையால் பூட்டினால் எல்லாம் போய்விடும். இது கம்பெனியிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

முதலில் வைத்திருந்த வாசகம் என்றேன் அல்லவா, அது மனோகரன் சாரின் ஏற்பாடு. எந்தப் பெட்டியும் காலியாக இருக்கக் கூடாது என்றார். "காலிப் பெட்டி கேள்வி கேக்க வைக்கும்மா." படிவம் ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி: இயந்திரத்தின் நிலை, சீராக உள்ளது. பாதுகாப்புச் சாதனம், இயங்குகிறது. முந்தைய புகார், இல்லை. விபத்துக்குக் காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு.

"சார், காரணத்தை முன்னாடியே எப்படி அடிச்சு வைக்கறது?"

"பத்துல ஒம்பது அதான்ம்மா. அவங்களுக்கு டைப் பண்ற வேலை மிச்சம்."

அடித்தேன். வேறு யாரும் அடிக்கவில்லை, என் கைதான்.

ஏழுமலை பிரஸ் ஆபரேட்டர். பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர் இவர். லீவு லெட்டர் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்து நிற்பார். "கொஞ்சம் உருக்கமா அடிம்மா, மேனேஜரு படிச்சா கண்ணுல தண்ணி வரணும்" என்பார். காதர் பாயும் அவரும் மாமன் மச்சான் மாதிரி. பக்ரீத்துக்குப் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தால் ஒரு தூக்கு ஏழுமலைக்கு என்று தனியாக வரும்.

அவர் ஓட்டிய பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் போகாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. வலது பொத்தான் கெட்டுப் போயிருந்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று ஒயரை ஒட்டிவிட்டு இடது பொத்தானில் மட்டும் ஓட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஷிப்டில், டீ வருவதற்குச் சற்று முன்னால், வலது கையின் மூன்று விரல்கள் போயின.

மத்தியானம் காதர் பாய் என் அறைக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. மாற்றிக்கொண்டு வாங்க பாய் என்றேன், காதில் விழவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி ஒரு மணி நேரம் அடித்தார். அவருடைய ஆங்கிலம் ஓட்டை உடைசல், ஆனால் விஷயம் தெளிவாக இருந்தது. நான்கு பெட்டியிலும் இருந்ததை அழித்துவிட்டுத் தன் வார்த்தையை எழுதினார். வலது பொத்தான் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை, ஒயரை ஒட்டி ஓட்டச் சொன்னார்கள், மெயின்டனன்ஸ் புத்தகத்தில் மூன்று முறை எழுதினேன், ஆபரேட்டர் மேல் தப்பு இல்லை. 'மூன்று முறை' என்பதைத் தேர்ந்தெடுத்து, நான் செய்த பொத்தானை அமுக்கிக் கோடு போட்டார்.

"இப்ப படிப்பானுங்க இல்ல?" என்றார்.

ஒரு பிரதி எடுத்து மனோகரன் சாரிடம் கொண்டுபோனேன். தாளை மேஜை விளிம்போடு நேராக்கினார். ஸ்கேலை வைத்தார். முதல் பக்கம் இறங்கியது. இரண்டாம் பக்கத்தில், பாய் கோடு போட்ட வரிக்கு அடியில் ஸ்கேல் வெகுநேரம் நின்றது. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு ஸ்கேல் இறங்கியது. பாயின் வார்த்தைகளில் அவர் கை வைக்கவில்லை. பக்கத்தின் கடைசியில், பெட்டிக்கு வெளியே, படிவத்தோடு அச்சாகிவரும் ஒரு வரி உண்டு: 'காயமடைந்தவருக்கு உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது.' அதன் கீழே பச்சைக் கோடு போட்டார்.

"இதை மட்டும் போல்டு பண்ணும்மா. கண்ணு கொஞ்சம் இங்கயும் போகட்டும்."

அடியில் சின்னக் கையெழுத்து, தேதி. நல்ல மனுஷன், உண்மையை அப்படியே விட்டுவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு ரிப்போர்ட்டோடு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு ஜீப் கிளம்ப வேண்டும். அந்த வரி பெட்டிக்கு வெளியே இருந்ததால் என் பொத்தான் அதன்மேல் வேலை செய்யாது. பாஸ்வேர்டு போட்டுத் திறந்தேன், வரியைத் தடிமனாக்கினேன், மெனுவுக்குப் போய்ப் பூட்டினேன். வெற்றுப் படிவங்களில் அப்படிச் செய்து செய்து கைக்குப் பழகிப் போயிருந்தது. சேமித்தேன். மூன்று பிரதி எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர், டோக்கன் நம்பர், ஷிப்ட் எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தடிமனான வரி கண்ணில் பட்டது. பெட்டிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஒன்று காலியாக இருந்திருந்தால் நின்றிருப்பேன். நான்கிலும் ஏதோ இருந்தது, அது போதும் என்று மடித்தேன்.

காதர் பாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டருகே பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். "நான் எழுதினதுதானேம்மா" என்று முதல் பக்கத்தில் மூன்று கையெழுத்துப் போட்டார். மனோகரன் சாரும் போட்டார். ஸ்கேலை அவர் அதற்கு எடுக்கவில்லை, ஏற்கெனவே பார்த்த தாள் என்பதால். ஜீப் போய்விட்டது.

திங்கட்கிழமை பாய் ஃபைல் பிரதியைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். கத்தவில்லை. தாளை என் கீபோர்டு மேல் வைத்தார்.

"இதுல நான் எழுதினது எங்கம்மா?"

படித்தேன். இயந்திரம் சீராக உள்ளது. பாதுகாப்புச் சாதனம் இயங்குகிறது. முந்தைய புகார் இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவு. கம்ப்யூட்டரில் பார்த்தேன், அதிலும் அதுதான். நான்தானே சேமித்தேன்.

மனோகரன் சாரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். என் தப்பு சார், இப்போதே திருத்தி, கூடவே ஒரு விளக்கக் கடிதமும் அடித்து அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் தாளை நேராக்கினார். ஸ்கேலை எடுத்தார். இரண்டாம் பக்கத்தை வரி வரியாகப் படித்தார். முடித்துவிட்டு ஸ்கேலை டிராயரில் வைத்தார்.

"பாய் கையெழுத்து இருக்கே."

"அவர் பார்க்காம போட்டுட்டார் சார்."

"நானும் போட்டிருக்கேன். நானும் பார்க்காமதான் போட்டேன்னு எழுதட்டுமா?"

டிராயரை மூடினார்.

"பாஸ்வேர்டு யார்கிட்டம்மா இருக்கு?"

"என்கிட்டதான் சார்."

"வேற யாராலயும் திறக்க முடியாது. அப்ப இதை மாத்தினது நீதான்னு ஆகும். தெரியாம மாத்தினியா, யாராவது சொல்லி மாத்தினியான்னு என்கொயரி வைக்கணும். உன் வீட்டுக்காரர் மில் மூடி ரெண்டு வருஷம் ஆச்சில்ல? ரெண்டு பொண்ணுங்க." இதையெல்லாம் அக்கறையோடு விசாரிக்கிற குரலில்தான் சொன்னார். "பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும்மா."

வெள்ளிக்கிழமை அவர் பாயின் வரியைப் படித்துவிட்டு விட்டது ஏன், அதை அப்படியே அனுப்பத்தான் நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யோசித்து ஒரு முடிவுக்கு வருகிற சிரமத்தை நான் அவருக்கு வைக்கவில்லை. அவர் செய்ய வேண்டியிருந்த அயோக்கியத்தனத்தை நானே செய்து, மூன்று பிரதி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

பச்சை மை போட்ட அந்த முதல் பிரதி என் டிராயரில் இருந்தது. பாயின் வார்த்தைகள், அவர் போட்ட கோடு, அடியில் மேனேஜரின் கையெழுத்து, வெள்ளிக்கிழமைத் தேதி. மனோகரன் சார் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கிழித்திருப்பேன் என்று நினைத்தாரோ, வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வராது என்று தெரிந்திருந்ததோ. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் ஏழுமலை மேல் விசாரணை. கவனக்குறைவால் தனக்குக் காயமும் கம்பெனிக்கு நஷ்டமும் உண்டாக்கினார் என்று குற்றச்சாட்டு. அந்த வாரம் காதர் பாயைக் கம்பெனியின் ஆவடி ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். விசாரணையை டைப் செய்ய உட்கார்ந்தது நான். என் முழங்காலுக்கு நேரே அந்த டிராயர்.

ஏழுமலை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பட்டன் வேல செய்யலீங்க. பாய்க்குத் தெரியும். பாய் எழுதிக்கினாரு" என்றார். மனோகரன் சார் ரிப்போர்ட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"இது பாய் கையெழுத்துதானே? பாய் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? மெஷின் நல்லாயிருக்கு, புகார் எதுவும் இல்ல, உன் அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கார்ம்மா."

ஏழுமலைக்கு ஆங்கிலம் தெரியாது. கையெழுத்தை மட்டும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யம்மா, நீங்கதானே அடிச்சீங்க? பாய் அப்பிடியா எழுதினாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஃபார்ம் பூட்டியிருக்கு ஏழுமலை. அதுல என்ன இருக்கோ அதான்" என்றேன். இதே வார்த்தைகள்தான். விசாரணைத் தாளில் இதை நான் டைப் செய்யவில்லை, அதனால் அந்த ஆபீஸில் எங்கும் இது பதிவாகவில்லை. இரண்டே வாரத்தில் ஏழுமலையின் வேலை போயிற்று.

ஒரு நாள் காதர் பாய் ஆவடியிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கே வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"ஏழுமல என் மூஞ்சியப் பாத்து துப்பறான்மா. ஊட்டுக்குப் போனா கதவ சாத்திக்கிறான். அந்தப் பச்ச இங்க் காயிதம் இருந்தா குடும்மா. கேஸு கீஸு ஒண்ணும் போட மாட்டேன். அவனாண்ட காட்டிட்டுக் குடுத்துடறேன். அல்லா மேல ஆணையா."

"அதை அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன் பாய்" என்றேன். அவர் நின்றிருந்த இடத்திலிருந்து பத்தடியில் பீரோ. ஆபீஸ் டிராயரிலிருந்து நான் கொண்டுவந்த அந்தத் தாள் அதன் லாக்கரில், பிளாஸ்டிக் கவருக்குள், மடிப்புக் கலையாமல் இருந்தது. காட்டிவிட்டால் ஊர் முழுக்கப் பரவும், என் வேலை போகும் என்ற பயம். வேறு காரணம் எதையும் நான் ஜோடித்துச் சொல்லப்போவதில்லை. பாய் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் என்னை நம்பினார்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய்ப் படிவத்தின் பாஸ்வேர்டை மாற்றினேன். 2371 என்பது ஏழுமலையின் டோக்கன் நம்பர். இனி இதைத் திறக்கிறவர்கள் அவர் நம்பரை அடித்துத்தான் திறக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. திறக்கிறவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது தோன்றவில்லை. என் வீரம் அவ்வளவுதான். மனோகரன் சார் சால்வையும் வெள்ளிக் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். அவருடைய பிரிவுபசார மடலை அடித்ததும் நான்தான். 'நேர்மையின் இலக்கணம்' என்று அடித்தேன். போல்டில்.

ஒருமுறை கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஏழுமலையைப் பார்த்தேன். இடது கையில் காய்கறிப் பை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் கிட்டே வந்துவிட்டார். "நல்லாக்கீறீங்களாம்மா? பசங்க இன்னா படிக்குதுங்க?" என்று கேட்டார். சொன்னேன். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. கோபம் முழுவதும் பாய் மேல்தான் இருந்தது. காதர் பாய் ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். பூந்தமல்லிக்குப் போய்த் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கூட்டத்தில் ஏழுமலை இருக்கிறாரா என்று பார்த்தேன், இல்லை.

ரேவதி பத்து நாள் கழித்து மறுபடி போன் செய்தாள். நன்றி சொல்லத்தான். பூட்டைத் திறந்தாயிற்று, கலரெல்லாம் வருகிறதாம். "மேடம், இன்னொண்ணு. காரணம் பாக்ஸ்ல ஆபரேட்டர் கேர்லெஸ்னஸ்னு தானாவே வருதே, அதை எடுத்துடலாமான்னு கேட்டேன். எங்க மேனேஜர், அது இருக்கட்டும், பத்துல ஒம்பது அதான்னுட்டார்."

அன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாரிவாக்கம் போனேன். வயல் இருந்த இடமெல்லாம் வீடு. விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஏழுமலை மகன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்ததும் எழுந்து, "டைப் அம்மா! குந்துங்க" என்று தன் நாற்காலியையே கொடுத்தார். மருமகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார்.

காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தாளைப் பிரித்தேன். மடிப்பில் எழுத்து கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பச்சை மை வெளிறிப் போயிருந்தது. பாய் எழுதியதை ஒவ்வொரு பெட்டியாகத் தமிழில் படித்தேன். ஆபரேட்டர் மேல் தப்பு இல்லை என்பதை இரண்டு முறை படித்தேன். பிறகு நான் பூட்டியது, பூட்டும்போது எல்லாம் போனது, டிராயர், பீரோ, பாய் வந்து கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவர் திட்டவில்லை. தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எத்தினி தபா எழுதிக்கினாராம்?"

"மூணு தபா."

"எங்க கீது?"

காட்டினேன். வலது கையில் மிஞ்சியிருந்த கட்டைவிரலால் அந்த வார்த்தையின் கீழ் இருந்த கோட்டைத் தடவினார்.

"இந்தக் கோடு பாய் போட்டதா?"

"ஆமா."

"ஊட்டாண்ட வந்து நின்னாரும்மா. நான் அப்பிடி எழுதலடா ஏழுமலன்னு அழுதாரு. கையெழுத்து உன்துதானேன்னு கேட்டேன். ஆமான்னாரு. போய்யான்ட்டேன்." மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். "அவரு மவுத்தானப்ப அவரு புள்ள ஆள் அனுப்பிச்சான். கடைசியா உன் பேரத்தான் சொல்லிக்கினு இருந்தாரு, வந்து மொகத்தப் பாத்துட்டுப் போன்னு. நான் போவலம்மா."

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. தாளைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை, அவரும் கொடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.